மூலையை வெட்டிய பொறியாளர்

ஸ்பெயினின் பார்சிலோனா நகரை மேலிருந்து எடுத்த படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அதன் நடுப்பகுதி மறக்காது. ஒரே அளவிலான கட்டடத் தொகுதிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தொகுதியின் நான்கு மூலைகளும் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். எஷாம்ப்லா என்பது அந்தப் பகுதியின் பெயர். சுற்றுலாப் பயணிகள் அங்கே கட்டடக் கலைஞர் கௌடியின் படைப்புகளைத் தேடிப் போகிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சீவிய மூலைகள்தான் ஊரிலேயே பெரிய அதிசயமாகப் படுகின்றன.

நம்மூர் மனைப்பிரிவு வரைபடங்களில் மூலை மனைக்கு ‘ஸ்ப்ளே’ விடச் சொல்வார்கள். வண்டி திரும்புவதற்காகச் சில மீட்டர், அவ்வளவுதான். எஷாம்ப்லாவில் அந்த வெட்டின் நீளம் 20 மீட்டர். தெருக்களின் அகலமும் 20 மீட்டர். இரண்டும் சமமாக இருப்பதால், இரண்டு தெருக்கள் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்திலும் எட்டுப் பக்கங்களும் சமமான ஓர் எண்கோணம் தானாக உருவாகிவிடுகிறது. கணக்குப் போட்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 1,930 சதுர மீட்டர். அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இதற்காக ஒவ்வொரு பிளாக்கும் விட்டுக்கொடுத்தது எவ்வளவு? பிளாக்கின் பக்கம் சுமார் 113 மீட்டர். நான்கு மூலைகளையும் கூட்டினால் போனது 400 சதுர மீட்டர், மொத்தப் பரப்பில் 3 சதவீதம். அந்த 3 சதவீதத்துக்குக் கைமாறாக, 133 மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஊர் முழுக்கச் சதுக்கங்கள் கிடைத்துவிட்டன.

இதை வரைந்தவர் இல்டெஃபோன்ஸ் செர்தா. 1815-ல் பிறந்த சாலைப் பொறியாளர். குடும்பச் சொத்து கைக்கு வந்ததும் அரசு வேலையை விட்டுவிட்டு, நகரங்களை எப்படி அமைப்பது என்ற ஒரே கேள்விக்கு வாழ்நாளையும் பணத்தையும் செலவழித்தவர். அவர் காலத்து பார்சிலோனா கோட்டைச் சுவருக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு வெளியே பரந்த சமவெளி கிடந்தும் பயனில்லை. பீரங்கிக் குண்டு பாயும் தூரம்வரை எதையும் கட்டக் கூடாது என்பது ராணுவ விதி. உள்ளே ஒரு ஹெக்டேருக்கு 800 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். காலரா வந்தால் ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது. 1854-ல்தான் சுவரை இடிக்க அனுமதி வந்தது.

வரைபடத்தில் கை வைப்பதற்கு முன் செர்தா ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். 1856-ஆம் ஆண்டின் பார்சிலோனாத் தொழிலாளர்களைப் பற்றியது. எந்தத் தொழிலுக்கு என்ன கூலி, வாடகை எவ்வளவு, சோற்றுக்கு எவ்வளவு, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று வரி வரியாக எழுதினார். தூங்கும் ஒரு மனிதருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் கணக்கிட்டார். தெரு குறுகக் குறுகச் சாவு கூடுகிறது என்பது அவர் புள்ளிவிவரங்களில் தெளிவாகத் தெரிந்தது. எஷாம்ப்லாவின் 20 மீட்டர் தெருவும், கட்டடம் 16 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று அவர் விதித்த வரம்பும் அந்தக் கணக்கிலிருந்து வந்தவை. தெருவின் அகலத்தைவிடக் கட்டடத்தின் உயரம் குறைவாக இருந்தால்தான் வெயில் கீழ்த்தளத்துக்கு இறங்கும். அத்தோடு முழுக் கட்டத்தையும் வடக்குத் திசைக்கு 45 பாகை திருப்பி வைத்தார். இதனால் எந்தச் சுவரும் நேர் வடக்கைப் பார்ப்பதில்லை. நான்கு முகங்களுக்கும் பகலில் ஏதோ ஒரு நேரம் சூரியன் கிடைக்கும்.

பிளாக்கின் உள்பக்கம்தான் அவருடைய மனதுக்கு நெருக்கமானது. நான்கு பக்கமும் கட்டடத்தால் மூட வேண்டாம், இரண்டு பக்கம் கட்டினால் போதும், மீதி தோட்டம் என்றார். தோட்டங்கள் பிளாக்குக்குப் பிளாக் திறந்து ஒன்றோடொன்று சேரும். தெருவில் நடக்கலாம், தோட்டம் வழியாகவும் நடக்கலாம். சில பிளாக்குகளுக்கு ஒரு பள்ளி, அதைவிடப் பெரிய வட்டாரத்துக்கு ஒரு சந்தை, அதையும் தாண்டினால் மருத்துவமனையும் பெரிய பூங்காவும் என்று அடுக்கடுக்காகத் திட்டம். தெருவின் 20 மீட்டரில் சரிபாதி நடைபாதைக்கு; பக்கத்துக்கு ஐந்தைந்து மீட்டர், மரங்களோடு.

ஊருக்கு இது பிடிக்கவில்லை. மாநகராட்சி தானே ஒரு போட்டி நடத்தி அந்தோனி ரொவீரா இ த்ரியாஸ் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் மாட்ரிட்டிலிருந்த அரசு 1859-ல் செர்தாவின் திட்டத்துக்கே ஒப்புதல் கொடுத்திருந்தது. தலைநகரம் திணித்த திட்டம் என்ற கசப்பு பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. கட்டடக் கலைஞர் பூச் இ கடஃபால்க் இந்தக் கட்டங்களைக் கடுமையாக ஏசியவர். அவர் கட்டிய புகழ்பெற்ற மாளிகை ஒன்றும் இதே எஷாம்ப்லாவில்தான் நிற்கிறது. செர்தா 1876-ல் இறந்தபோது, செய்த வேலைக்கு வரவேண்டிய பணம்கூட முழுதாக வந்து சேரவில்லை.

பிறகு நடந்ததை யாரும் ஊகிக்கலாம். நிலத்தின் விலை ஏறியது, விதிகள் இளகின. இரண்டு பக்கம் மூன்றாகி, நான்காகி, பிளாக் மூடிக்கொண்டது. 16 மீட்டர் வரம்பு தளம் தளமாக மேலே போனது. உள்ளே தோட்டம் வர வேண்டிய இடத்தில் பட்டறை, கிடங்கு, கார் ஷெட். 1970-களில் ஒரு பிளாக்கில் அனுமதிக்கப்பட்ட கட்டட அளவு செர்தா நினைத்ததைப் போல நான்கு மடங்குக்கு மேல். ஆனால் தெருக்கள்? ஒன்றுகூட அசையவில்லை. 20 மீட்டர் 20 மீட்டராகவே இருந்தது, எண்கோணங்கள் எண்கோணங்களாகவே இருந்தன. ஒரு பிளாக்கின் உள்ளே இருப்பது பல சொந்தக்காரர்களின் நிலம். ஆளுக்குக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம், கேட்பாரில்லை. தெருவோ எல்லோருக்கும் வாசல். ஒருவர் ஓரடி முன்னால் வந்தாலும் ஊரே சண்டைக்கு வரும். வீட்டைச் சுற்றிப் பசுமை என்று வரைபடத்தில் பச்சை மை தீட்டும் எவரும் இந்த வித்தியாசத்தை முதலில் யோசிக்க வேண்டும். பொது நிலத்தைக் காப்பது சட்டத்தைவிட, அதன் மீது தினமும் எத்தனை கால்கள் நடக்கின்றன என்பதுதான்.

தோட்டம் போனாலும் எஷாம்ப்லா நடப்பதற்கு இனிமையான ஊராகவே இருந்தது. அதற்கு ஒரு கணிதக் காரணம் இருக்கிறது. மூன்றுக்கு மூன்று, ஒன்பது பிளாக்குகள் கொண்ட ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் வீடு, எதிர்மூலையில் சந்தை. சுற்றாமல், பின்வாங்காமல் போக எத்தனை வழிகள் உண்டு? இருபது. இருபதும் ஒரே நீளம், 800 மீட்டர். இதே ஒன்பது பிளாக்குகளை மதில் எழுப்பி ஒரே பெரிய வளாகமாக்கிவிட்டால்? இரண்டே வழிதான், இந்தப் பக்கமாகச் சுற்று, இல்லாவிட்டால் அந்தப் பக்கமாகச் சுற்று. தூரம் மாறவில்லை, ஆனால் நடப்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். இன்று நிழலுள்ள பக்கம் போகலாம், நாளை பேக்கரி வழியாகப் போகலாம், கடன்காரரைத் தவிர்க்க வேண்டுமென்றால் மூன்றாவது வழி. கடைக்காரருக்கும் லாபம்: எல்லா மூலையிலும் ஆள் நடமாட்டம் இருப்பதால் எல்லா மூலையிலும் கடை பிழைக்கும். குட்டைப் பிளாக்குகளின் இந்த மகிமையை நியூயார்க்கில் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதினார். வீடு, கடை, வேலையிடம் எல்லாம் கலந்திருக்க வேண்டும் என்பதும் அவர் வாதம். அப்போதுதான் தெருவில் நாள் முழுக்க யாராவது இருப்பார்கள்.

எஷாம்ப்லாவில் அந்தக் கலப்பு செங்குத்தாக நடந்தது. தரைத்தளத்தில் கடை அல்லது பட்டறை, அதற்கு மேல் வீட்டு உரிமையாளரின் விசாலமான தளம், அதற்கும் மேலே படியேறப் படியேற வாடகை குறைந்த குடும்பங்கள். லிஃப்ட் வந்ததும் இந்த வரிசை தலைகீழானது. வெளிச்சமும் காட்சியும் உள்ள மேல்தளம் விலை உயர்ந்தது. ஆனால் தரைத்தளக் கடை போகவில்லை. அதனால்தான் இன்றும் அங்கே பெரும்பாலான அன்றாட வேலைகள் காலால் முடிகின்றன.

அடுத்த அடி காரிடமிருந்து விழுந்தது. அகன்ற நேர்த்தெரு என்றால் கார் சும்மா விடுமா? தெருக்கள் ஒருவழிப் பாதைகளாகி வேகம் பிடித்தன. எண்கோணங்கள் சரக்கு இறக்கும் இடமாகவும் வண்டி நிறுத்துமிடமாகவும் ஆயின. பசுமை ஒருவருக்கு 2 சதுர மீட்டரை ஒட்டி என்ற நிலைக்கு வந்தது எஷாம்ப்லா.

1987 வாக்கில் சல்வதோர் ருவேதா என்ற சூழலியல் அறிஞர் இந்தக் கட்டத்தை வேறு கண்ணால் பார்த்தார். அவர் சத்தத்தை அளப்பதிலிருந்து தொடங்கியவர். மூன்று பிளாக், மூன்று தெரு: 133-ஐ மூன்றால் பெருக்கினால் 400 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அது ஐந்து நிமிடம். பேருந்து நிறுத்தம் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நியாயமான தூரமும் அதுவே. அப்படியானால் ஒன்பது பிளாக்குகளை ஒரு சூப்பர்பிளாக் ஆக்கலாம். கடந்து செல்லும் போக்குவரத்து சுற்றியுள்ள தெருக்களில் மட்டும். உள்ளே போகும் நான்கு தெருக்களில் குடியிருப்பவர், சரக்கு, ஆம்புலன்ஸ் எல்லாம் வரலாம், மெதுவாக. ஆனால் உள்ளே நுழையும் கார் நேராக மறுபுறம் போக முடியாது; திருப்பிவிடப்பட்டு, வந்த பக்கமே வெளியேற வேண்டும். குறுக்கு வழி என்ற ஆசையே அங்கே செத்துப்போகிறது.

இப்போது அந்த இருபது வழிகளை நினைத்துப் பாருங்கள். சூப்பர்பிளாக்கில் நடப்பவருக்கு இருபதும் அப்படியே இருக்கின்றன. காருக்கு மட்டும் இரண்டு. மதில் வளாகத்தின் குறையைக் காரிடம் தள்ளிவிட்டு, திறந்த கட்டத்தின் நன்மையைக் காலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சண்டிகரின் செக்டார்களையும் சூப்பர்பிளாக் என்பார்கள். அவை 800-க்கு 1,200 மீட்டர், உள்நோக்கித் திரும்பியவை. பெயர் ஒன்று, நடப்பவரின் அனுபவம் வேறு.

உள்ளே வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்ததிலும் எளிய இயற்பியல் இருக்கிறது. குழந்தை ஒன்று பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடுகிறது. ஓட்டுநர் அதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் வண்டி 14 மீட்டர் போயிருக்கும். பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். 10 கிலோமீட்டரில் 3 மீட்டர்கூட இல்லை. மோதலின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: இரண்டுக்கும் இடையே 25 மடங்கு வித்தியாசம்.

சத்தத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. டெசிபெல் மடக்கை அளவுகோல். தெருவில் ஓடும் வண்டிகளைப் பாதியாகக் குறைத்தாலும் குறைவது 3 டெசிபெல்தான். காது அதைக் கவனிப்பதே அரிது. பத்தில் ஒன்றாக்கினால் 10 டெசிபெல் குறையும். அப்போதுதான் சத்தம் பாதியானதாகத் தோன்றும். போக்குவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமே என்று நிதானவாதிகள் சொல்வது நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் எல்லாத் தெருவிலும் பத்து சதவீதம் குறைத்தால் யாருக்கும் ஒரு மாற்றமும் கேட்காது. சில தெருக்களில் முழுக்க எடுத்தால்தான் பறவைச் சத்தம் காதில் விழும்.

சத்தம் போனால் வருவது மௌனம் என்று நினைக்கிறோம், வருவது பேச்சு. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக அதே தெருவில் 3 நண்பர்கள். 16,000 வண்டி போகும் தெருவில் 0.9. பரபரப்பான தெருவில் இருப்பவர்கள் தம் வீட்டு எல்லையையே சுருக்கி வரைந்தார்கள். தன் ஆய்வை 1981-ல் நூலாக்கிய ஆப்பிள்யார்ட், மறு ஆண்டு ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

பார்சிலோனாவில் கிராசியா போன்ற பழைய குறுகிய பகுதிகளில் இந்த யோசனை முதலில் சத்தமில்லாமல் நடைமுறைக்கு வந்தது. 2016 செப்டம்பரில் போப்ளெநோ பகுதியில் வந்தபோது ஊர் இரண்டுபட்டது. மிகக் குறுகிய காலத்தில் பெயின்டையும் பழைய டயர்களையும் வைத்துத் தெருவை மாற்றினார்கள். குடியிருப்பவர்களிடம் போதுமான அளவு பேசவில்லை. எதிர்ப்புப் பதாகைகள் பால்கனிகளில் தொங்கின. விளையாட்டுத் திடலும் மரங்களும் வந்த பிறகுதான் கோபம் ஆறத் தொடங்கியது. அடுத்தது சந்த் அந்தோனி சந்தைப் பகுதி. இரும்பில் எழும்பிய அந்தச் சந்தைக் கட்டடம் 1882-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் வேறு யாருமில்லை, செர்தாவிடம் தோற்ற ரொவீரா இ த்ரியாஸ். தன்னை வென்ற வரைபடத்தின் ஒரு முழுப் பிளாக்கை அவர் நிரப்பினார். 2018-ல் சந்தை புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது அதைச் சுற்றிச் சூப்பர்பிளாக் வந்தது. நகரின் பொதுச் சுகாதார அமைப்பு அங்கே அளந்தபோது நைட்ரஜன் டை ஆக்சைடு கால்வாசி குறைந்திருந்தது.

2023-ல் கொன்செய் தெ சென் என்ற நீண்ட தெருவும், அதைக் குறுக்கிடும் மூன்று தெருக்களின் சில பகுதிகளும் ‘பசுமை அச்சு’களாக மாறின. நான்கு எண்கோணங்கள் உண்மையான சதுக்கங்கள் ஆயின. பெஞ்சு, மரம், திறந்த மண். அந்தத் திறந்த மண் முக்கியம். வேருக்கு நீர் கிடைத்தால் ஒரு பெரிய மரம் கோடை நாளில் 100 லிட்டர்வரை ஆவியாக்கும். அவ்வளவு நீர் ஆவியாக ஏறத்தாழ 68 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் தேவை. ஒரு டன் ஏசி 20 மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பம் அது. திறந்த வெளியில் அந்தக் குளிர்ச்சி காற்றோடு கலைந்துபோகும் என்பது உண்மை, நிழல்தான் நடப்பவருக்கு உடனடிப் பயன். என்றாலும் சிமென்ட் பூசிய குழியில் நிற்கும் மரத்தால் இரண்டையும் முழுதாகத் தர முடியாது.

இதற்கிடையில் செர்தாவின் உள்தோட்டங்களும் ஒவ்வொன்றாக மீண்டன. 1980-களில் ஒரு பிளாக்கின் நடுவே பழைய தண்ணீர்க் கோபுரத்தைச் சுற்றியிருந்த இடத்தைத் திறந்தார்கள். கோடையில் அங்கே சிறுவர்களுக்கு ஆழமில்லாத குளம் ஒன்று உண்டு. 1996-லிருந்து இது ஒரு திட்டமாகவே நடந்தது: ஒன்பது பிளாக்குக்கு ஒரு உள்முற்றம், யாருக்கும் 200 மீட்டருக்குள் ஒரு தோட்டம் என்பது இலக்கு. நாற்பதுக்கும் மேற்பட்டவை திறந்திருக்கின்றன. இரவில் பூட்டிவிடுவார்கள். நான்கு பக்கமும் படுக்கையறை ஜன்னல்கள். தெருவின் இரைச்சலை மறிக்கும் அதே சுவர்கள் உள்ளே எழும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். பொதுவான பசுமை என்பதில் யார் எப்போது தூங்குவது என்பதும் அடக்கம்.

2020-ல் வெளியான ஓர் ஆய்வு, நகரம் முழுக்க 503 சூப்பர்பிளாக்குகள் அமைந்தால் ஆண்டுக்கு 667 அகால மரணங்களைத் தவிர்க்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணின் பகுப்பு எனக்கு வியப்பாக இருந்தது. 291 பேர் காற்று சுத்தமாவதால், 163 பேர் சத்தம் குறைவதால், 117 பேர் வெப்பம் தணிவதால், 60 பேர் பசுமையால் பிழைப்பார்கள். கூடுதலாக நடப்பதால்? 36 பேர். ஏற்கெனவே நடக்கும் ஊர் அது. அங்கே நடைத்தெருவின் பெரிய பலன், நடக்காதவர்களின் நுரையீரலுக்கும் போகிறது. ஆனால் இந்த எண்கள் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கின்றன: கார் பயணங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும்.

குறையுமா, பக்கத்துத் தெருவுக்குப் போகுமா? 11 நாடுகளில் சாலையிடம் குறைக்கப்பட்ட 70-க்கும் மேற்பட்ட இடங்களை இங்கிலாந்து ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோது, பாதி இடங்களில் 11 சதவீதமோ அதற்கு மேலோ போக்குவரத்து சுற்றுவட்டாரத்திலும் தென்படாமல் காணாமலே போயிருந்தது. சிலர் பேருந்தில் ஏறுகிறார்கள், சிலர் இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடிக்கிறார்கள், சிலர் போகவே இல்லை. மற்றது எங்கோ போகத்தான் செய்கிறது. கொன்செய் தெ சென்னுக்கு அடுத்த இணைத் தெரு அரகோ, ஒரே பிளாக் தள்ளி, பல வரிசைகளில் வண்டி ஓடும் தெரு. அங்கே குடியிருப்பவர்கள் பசுமைத் தெருவின் பங்கையும் சேர்த்து நாங்களே சுமக்கிறோம் என்று சொன்னால் அதை வெறும் பொறாமை என்று ஒதுக்க முடியாது. அச்சுத் தெருவில் வாடகை ஏறும் என்ற பயமும் உண்டு. கடை எல்லாம் மதுக்கூடமாகிவிடக் கூடாது என்று மாநகராட்சி தரைத்தளங்களுக்கு விதி போட வேண்டியிருந்தது. 2023-ல் வணிகர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், நகர்த்திட்டத்தை முறைப்படி திருத்தாமல் தெருவை மாற்றியது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. மாநகராட்சி மேல்முறையீடு செய்தது.

ருவேதாவும் இந்தப் பசுமை அச்சுகளை ஏற்கவில்லை. தனித்தனித் தெருக்களை அழகாக்கினால் சுமை அடுத்த தெருவில் ஏறும், கட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பேருந்துப் பாதையையும் அதற்கேற்ப அமைத்தால்தான் கார் பயணங்கள் உண்மையில் குறையும் என்பது அவர் வாதம். கணக்கு அவர் பக்கம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. தேர்தல்கள் எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம். 503 சூப்பர்பிளாக்குகளும் தாளில் இருக்கின்றன. தரையில் இறங்கியவை இன்னும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.